வளைந்த அம்புக்கு இடப்பக்கம் எது?

ஐந்தாம் படிவ மாணவர்களுக்காகப் புணர்ச்சிப் பயிற்சித்தாள் ஒன்றை வேர்டில் தயாரித்தேன். இடப்பக்கம் ‘கருமை + கடல்’, நடுவில் ‘கரு + கடல்’, வலப்பக்கம் ‘கருங்கடல்’. முதல் அம்பின்மேல் ‘ஈறுபோதல்’, இரண்டாவதன்மேல் ‘இனமிகல்’. என் மடிக்கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேறொரு கணினியில் திறந்து அச்செடுத்தபோது எழுத்துரு மாறி, சொற்கள் நகர்ந்துவிட்டன. அம்புகள் மட்டும் நகரவில்லை! இனமிகல் அம்பு கருமையிலிருந்து கிளம்பியது. சில மாணவர்கள் ஈறுபோதலை விட்டுவிட்டு விடை எழுதினார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? படம் சொன்னதைத்தானே எழுதினார்கள்.

அதன்பிறகுதான் கணிதக்காரர்களின் கருவியைத் தேடிப் போனேன். 1945இல் ஐலன்பெர்க்கும் மெக்லேனும் அறிமுகப்படுத்திய கேட்டகரி தியரி, அதாவது வகைக்கோட்பாடு, பொருள்களையும் அவற்றை இணைக்கும் அம்புகளையும் பற்றியது. ஓர் அம்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கினால், இரண்டையும் சேர்த்து ஒரே அம்பாகக் கொள்ளலாம். நம்முடைய படமும் அதே மாதிரிதான்: ஈறுபோதலும் இனமிகலும் சேர்ந்தால் ‘கருமை + கடல்’ நேரே ‘கருங்கடல்’ ஆகும் நீண்ட அம்பு. அதை நேர்கோடாகப் போட்டால் நடுச்சொல்லின்மேல் ஏறிவிடும். ஆகவே வளைக்க வேண்டும்.

லாடெக்கில் இதற்கு டிக்ஸ்-சிடி என்னும் தொகுப்பு இருக்கிறது. சொற்களை அட்டவணைபோல் & குறியால் பிரித்து எழுதுகிறோம். அம்பு எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று மட்டும் சொல்கிறோம். வலப்பக்கம் ஒரு கட்டம் என்றால் ஆங்கில ‘ஆர்’ ஒன்று, இரண்டு கட்டம் என்றால் இரண்டு. எழுத்துரு மாறினாலும் அம்பு சொல்லோடு ஒட்டியே நகரும். தமிழுக்கு ஸீலாடெக்கைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, கட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் அது கணிதக் குறியாகவே எடுத்துக்கொள்ளும். தமிழ்ச் சொல்லை ‘டெக்ஸ்ட்’ கட்டளைக்குள் போடாவிட்டால் எழுத்தே வராது. நான் அரைநாள் தொலைத்தது இங்கேதான்.

வளைப்பதற்கு இரண்டு கட்டளைகள்: ‘பெண்ட் லெஃப்ட்’, ‘பெண்ட் ரைட்’. கோணம் சொல்லாவிட்டால் 30 பாகை. ஆனால் இந்த ‘லெஃப்ட்’ பார்க்கும் நமக்கு இடப்பக்கம் இல்லைங்க, அம்புக்கு இடப்பக்கம். அம்பின்மேல் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நடந்தால் இடக்கை மேலே இருக்கும், அம்பும் மேலே வளையும். திரும்பி நடந்தால் இடக்கை கீழே. அதே கட்டளைக்கு அம்பு கீழே வளையும்.

சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக இரண்டையும் ஒரே படத்தில் காட்டும்போது இது முக்கியம். ‘பூ + கொடி’யிலிருந்து ‘பூங்கொடி’க்கு ஓர் அம்பு, அங்கிருந்து திரும்பி வர ஓர் அம்பு. போவதற்கு லெஃப்ட், வருவதற்கு ரைட் என்றுதான் கை தானாக எழுதும். எழுதினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டுக்கும் லெஃப்ட் கொடுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

பெயரும் அப்படியே அம்பின் இடப்பக்கம்தான் உட்காரும். வலப்பக்கம் போகும் அம்பைக் கீழே வளைத்தால் பெயர் வளைவுக்குள் மாட்டிக்கொள்ளும். பெயரை அடைக்கும் மேற்கோள் குறி முடிந்ததும் ஓர் ஒற்றைக் குறி சேர்த்தால் வெளியே வந்துவிடும்.

இந்தப் படத்தை வரைந்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. பூப்பெயர் முன் வல்லினமும் மிகலாம், அதன் இன மெல்லினமும் தோன்றலாம். பூக்கொடியும் சரி, பூங்கொடியும் சரி. இரண்டாவது வரிசையில் ‘பூக்கொடி’யைச் சேர்த்தேன். பிரிக்கும் அம்புகள் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. சேர்க்கும் அம்புகளோ இரண்டாகக் கிளைக்கின்றன. பூக்கொடியைப் பிரித்து மறுபடி சேர்த்தால் பூங்கொடியில் போய் நிற்கலாம். அதனால் ஒன்று மற்றதன் தலைகீழ்ச் செயல் என்று கணிதக்காரர் ஒப்பமாட்டார். விடைப்பட்டியில் ஒன்று மட்டும் இருந்து, மாணவர் மற்றதை எழுதியிருந்தால் மதிப்பெண்ணை வெட்டிவிடாதீர்கள். என் விடைப்பட்டியிலும் முன்பு ஒன்றுதான் இருந்தது. இப்போது இரண்டும் இருக்கின்றன.