பெஹாலாவில் பாஸ் செய்தால் தமிழ்நாட்டில் செல்லுமா?

(நமது பகுதி நேர நிருபர்)

பெஹாலா: மாத்யமிக் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், சௌரஸ்தா, சக்கேர் பஜார் பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரே கவலைதான். "பையனை ஊருக்கு அனுப்பி பிளஸ் டூ படிக்க வைக்கலாமா? இந்தச் சர்டிபிகேட்டை அங்கே ஒப்புக்கொள்வார்களா?"

ஒப்புக்கொள்வார்கள். 1951-ல் ஏற்பட்ட மேற்கு வங்க வாரியம் நடத்தும் மாத்யமிக்கும் நம் எஸ்.எஸ்.எல்.சி.யும் பத்தாம் வகுப்புத் தேர்வுகள்தான். தகராறெல்லாம் கூடப் போகவேண்டிய காகிதங்களில்தான்.

பள்ளிக்கூடம் தரும் டி.சி.யே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாரியத்திடமிருந்து மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வாங்கவேண்டும். பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு அதைத் தருவது சால்ட் லேக், வித்யாசாகர் பவனில் உள்ள கவுன்சில். ஷாலிமாரில் கோரமண்டல் ஏறுமுன் இதை முடித்துவிடுவது நல்லது. விட்டுப்போன ஒரு காகிதத்துக்காக 1,600 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வருகிறவர்களுக்கு ரயில்வே குமாஸ்தாவான நான் டிக்கெட் கொடுக்கலாமே தவிர, ஆறுதல் கொடுக்க முடியாது!

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல், இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர். பள்ளியில் சேர்க்கும்போது தகப்பனார் பெயரைப் பின்னால் ஒட்டி எழுதிவிடுகிறார்கள். ஊர் ரேஷன் கார்டிலோ முன்னால் ஒற்றை எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே நிரூபிக்க அலையவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வாரியத்துக்குப் பெயர் பதிவு செய்யும்போதே பெற்றோர் பார்த்துத் திருத்திவிட வேண்டும். மாத்யமிக் அட்மிட் கார்டையும் தூக்கி எறியாதீர்கள். இங்கே வயதுக்கு அதுதான் அத்தாட்சி.

பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வில்தான் பெரிய சிக்கல். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்குத் தேவை. இருபது வருடங்களுக்கு முன் வீட்டை விற்றுவிட்டு வந்தவர், தாசில்தார் ஆபீசில் எந்த முகவரியைக் காட்டுவார்? என் தெருக்காரர் ஒருவர் மகளுக்காக இதற்கென்றே லீவு போட்டு இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தார்.

மலேசியாவிலுள்ள சொந்தக்காரர் பிள்ளைகளை இங்கே படிக்க வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றுக்கு இணைத்தகுதி பெறுவதற்கு யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் புது விதி கொண்டுவந்தது. அதன்படி பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு வேண்டும். மலேசியாவின் எஸ்.பி.எம். பதினோராம் ஆண்டுத் தேர்வு. ஆகவே அதோடு நிறுத்தியவர்கள் கல்லூரியில் சேர முடியாது.

கடைசியாக, தமிழ். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அதில் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மாத்யமிக்கின் முதல் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சொல்லிக் கொடுக்க வாத்தியார் வேண்டுமே! அதனால் இங்கே நம் பிள்ளைகள் பலர் ஹிந்தியோ வங்காளியோ எடுக்கிறார்கள். தமிழை வீட்டில் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் விழிக்கிறார்கள். ஊரில் சர்க்கார் வேலை என்ற எண்ணமிருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோ பாட்டியோ உட்கார்ந்து அ, ஆ தொடங்கிவிடலாம்.