கால்கள் மறந்த நடை

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில், நமது பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் காலையில் எழுந்தபோது வயிற்றைச் சுற்றிக் கயிறு இறுக்கியதுபோல் உணர்ந்தார். மாலைக்குள் இரு கால்களும் மரத்தன, சிறுநீரும் தடைப்பட்டது. வீட்டார் சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தேய்த்தனர். மூன்றாம் நாள்தான் மருத்துவமனை சேர்ந்தனர். நாமும் நோயாளர் எண்ணெயுடன் விரைந்தோம். அதைக் கண்டதும் அவருடைய துணைவியார், "சாமி, அவ்வளவுதானா?" என்று கதறிவிட்டார். நோயில்பூசுதல் நலம் வேண்டும் அருட்சாதனம் என்பதைத் தெளிவாக்கும் புதிய சடங்குமுறையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் வழங்கியும், 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழம்பெயர் நம் மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

வந்திருந்தது தண்டுவட அழற்சி. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், சிலருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பின், வழிதவறித் தண்டுவடத்தையே தாக்குகிறது. நரம்பிழைகளின் மேலுறை சிதைவதால் மூளையின் ஆணை கால்களை எட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்து உறுதிசெய்தபின், ஸ்டீராய்டு மருந்தை 3 முதல் 5 நாள்கள் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகின்றனர். விரைந்து தொடங்குவதே நன்று. எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் நோய் அன்று இது.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்கு தேறுகின்றனர். ஒரு பங்கினர் குறைகளோடு எழுகின்றனர். எஞ்சியோர் பெரிதும் முடங்குகின்றனர். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் மிகுதி. 2 ஆண்டுகள் வரையிலும் தொடரக்கூடும்.

இங்கேதான் நாம் பிழை செய்தோம். "ஆண்டவர் தந்த சிலுவை, பொறுமையாய்ச் சுமந்துகொள்ளும்" என்றோம். அவரோ அதையே பிடித்துக்கொண்டு இயன்முறைப் பயிற்சியை நிறுத்திவிட்டார்! செய்தியறிந்து மறுநாளே சென்று நம் சொல்லைத் திரும்பப் பெற்றோம். 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் சிதைந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்த வேலூர் டாக்டர் மேரி வர்கீசைப் பற்றி அவரிடம் நெடுநேரம் பேசினோம். அவருடைய முயற்சியால் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்ததையும் கூறினோம். பயிற்சி மீண்டும் தொடங்கியது.

உண்மையில் அவரைக் காத்தவர் துணைவியாரே. உணர்வற்ற உடலில் படுக்கைப்புண் வருவதே தெரியாது. ஆதலால் இரவிலும் 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார். "கால் சில்லிட்டிருக்கிறதே" என்று உறவினர் வெந்நீர்ப்பை வைக்க வந்தபோதும் தடுத்துவிட்டார். சூடு உணராத தோல் வெந்துபோகும் அல்லவா!

இன்று அவர் ஊன்றுகோல் துணையுடன் பூசைக்கு வருகிறார். மாதா திருநாளுக்குமுன், தேரின் பழுதான சக்கரத்தை நாற்காலியில் அமர்ந்தவாறே செப்பனிட்டார். இடப்பாதத்தில் இன்னும் உணர்வில்லை; அந்தப் பக்கம் மட்டும் உளியை வைப்பதில்லை.