கியூபெக்கிற்கு ஒரு விண்ணப்பம்: நேர்முகத்திற்கு ஆயத்தமாதல்



வவுனியா நகருக்கு அண்மையில் நெளுக்குளம் என்றோர் ஊர் உண்டு. பிறநாட்டிலே உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அங்கு அரிது. சென்றவர்களுள் சிலர் கனடாவின் மொன்றியல் நகரில் வாழ்கின்றனர். ‘நீயும் இங்கே வந்துவிடு’ என்று அவர்கள் தொலைபேசியிற் சொல்லும்போது, கனடா முழுவதற்கும் வாயில் ஒன்றுதான் என்று இங்குள்ள இளைஞர் எண்ணிக்கொள்கின்றனர். ஆங்கிலப் பரீட்சைக்கு வகுப்புகளுக்குப் போகின்றனர், பணமும் கட்டிவிடுகின்றனர். மொன்றியல் அமைந்திருக்கும் கியூபெக் மாகாணத்திற்கு வாயில் வேறு, வாயிற்காவலர் வேறு, அவர் பேசும் மொழியும் வேறு என்பது பிந்தியே தெரியவருகின்றது. அந்த வாயிலைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கனடாவின் மத்திய அரசாங்கத்திற்கும் கியூபெக் மாகாணத்திற்கும் இடையே 1991ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தொழில் அடிப்படையிற் குடியேற வருவோரைத் தெரிவு செய்யும் உரிமை அதன்படி கியூபெக்கையே சார்ந்தது. ஆகவே விண்ணப்பதாரி இரு படிகளைக் கடக்க வேண்டும். முதலில் கியூபெக் தெரிவுச் சான்றிதழ். அதன் பின்னரே மத்திய அரசாங்கத்தின் நிரந்தர வதிவிட அனுமதி. முதற்படியில் கல்வி, தொழில், மொழி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரண்டாம் படியில் உடல்நலம், குற்றப் பதிவு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முதற்படியில் வென்றவர் இரண்டாம் படியிலே தடுக்கப்படுதலும் உண்டு.

நம்மவர் கியூபெக்கிற் குடியேறிய வரலாறு பெரும்பாலும் இவ்வழியாக அமையவில்லை. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே 155 தமிழர் காணப்பட்டுக் கரைசேர்க்கப்பட்ட செய்தியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களும் அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் அடைக்கலம் கோரியே நுழைந்தனர். பிரான்சு தேசத்திற்குச் சென்ற நம்மவரின் நிலையும் அதுவே. அங்கே 1952இல் நிறுவப்பட்ட அகதிகள் பாதுகாப்பு அலுவலகம், ‘ஒப்ரா’ என்று நம்மவர் அழைப்பது, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகின்றது. அவ்விசாரணையின் பொருள் அச்சம்: ஊருக்குத் திரும்பினால் உமக்கு என்ன நேரும் என்பதே வினா. தொழில்வழிக் குடியேற்றத்தின் பொருளோ வாழ்வு: இங்கு வந்தால் நீர் எப்படிப் பிழைப்பீர் என்பதே வினா. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பி, பாரிஸ் மாநகரிலிருந்து வந்த ஒரு கதையை மனனம் செய்து கியூபெக் உத்தியோகத்தரிடம் ஒப்புவிப்பதால் யாதொரு பயனும் இல்லை.

விண்ணப்பம் தொடங்குவது ‘அரிமா’ என்னும் இணையத் தளத்தில். நம் மொழியிலே அச்சொல் சிங்கத்தைக் குறிக்கும். கியூபெக்காருக்கோ அது, கப்பலிற் சரக்கை இறுகப் பொருத்தி அடுக்குவதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லின் சாயலுடையது. ஆளையும் தொழிலையும் பொருத்துதல் என்பது கருத்து. அதிலே நம் விவரங்களைப் பதிந்து விருப்பம் தெரிவிப்பதற்குக் கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கின்றேன்; ஏனெனில் இவ்விலவசமான காரியத்திற்கே இலட்சக்கணக்கில் வாங்கும் முகவர்கள் நம் நாட்டில் உளர். அவ்வாறு பதிந்தவர்களுள் அழைப்புப் பெறுவோர் மட்டுமே முறையான விண்ணப்பத்தைக் கட்டணத்துடன் சமர்ப்பிக்கலாம்.

விதிகள் அண்மையிற் பெரிதும் மாறிவிட்டன. பழைய தேர்ச்சித் தொழிலாளர் திட்டத்தின் இடத்திற்கு 2024 நவம்பர் 29ஆந் திகதி புதிய தெரிவுத் திட்டம் வந்தது. அது உயர்தகைமைத் தொழில்கள், இடைநிலை மற்றும் கைவினைத் தொழில்கள், ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்கள், அசாதாரணத் திறமை என நான்கு பிரிவுகளை உடையது. கியூபெக்கிலே படித்தவருக்கும் உழைத்தவருக்கும் உரியதாக இருந்த மற்றொரு திட்டம் 2025 நவம்பர் 19இல் மூடப்பட்டது. ஆகையால் 2015இல் குடியேறிய மைத்துனர் ‘நான் இப்படித்தான் செய்தேன்’ என்று சொல்வது அன்புரைதான், வழிகாட்டி ஆகாது. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். புதிய திட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் அழைப்புகள் தொடங்கியபோது, ஏற்கனவே கியூபெக்கில் வாழ்பவர்க்கே முன்னுரிமை அளிக்கப்பட்டது. நெளுக்குளத்திலிருந்து நேரே தெரிவாவது முடியாததன்று, ஆனால் கடினம். வீட்டுக் காணியை ஈடுவைக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்படியாயின் பிரெஞ்சு படிப்பது வீண்தானோ? அன்று. கியூபெக்கிற்கு வெளியேயும் கனடாவிற் பிரெஞ்சு பேசும் சமூகங்கள் உள்ளன. அவற்றிற்கு ஆட்களைச் சேர்ப்பதற்கென மத்திய அரசாங்கம் 2025 ஜனவரியில் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி, ஒன்ராறியோவின் சட்பரி உட்பட ஆறு இடங்களைத் தெரிந்தெடுத்தது. அங்கீகாரம் பெற்ற தொழில்தருநர் ஒருவரின் வேலைவாய்ப்புக் கடிதமும் இடைநிலைப் பிரெஞ்சு அறிவும் அதற்கு வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். கியூபெக் தனது பிரெஞ்சுத் தராதரத்தைப் பன்னிரண்டு நிலைகளாக வகுத்துள்ளது. உயர்தகைமைப் பிரிவினர் பேச்சிலும் கேட்டலிலும் ஏழாம் நிலையையும் எழுத்திலும் வாசிப்பிலும் ஐந்தாம் நிலையையும் எய்த வேண்டும். கைவினைப் பிரிவினருக்குப் பேச்சில் ஐந்தாம் நிலை போதும். உடன்செல்லும் கணவருக்கோ மனைவிக்கோ நான்காம் நிலை. ஏழாம் நிலையை எட்டுவதற்கு ஏறத்தாழ 500 முதல் 600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்று கொண்டால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகும். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். முறையாகக் கற்பதற்குக் கொழும்பிலே அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் உண்டு. வவுனியாவிலிருந்து அது ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம். வீட்டிலிருந்தே இணையவழி கற்று, பரீட்சைத் திகதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு அதற்காக மட்டும் கொழும்பு செல்வது செலவைக் குறைக்கும்.

தமிழருக்குப் பிரெஞ்சு எவ்வாறு இருக்கும்? சில இடங்களில் நமக்கு ஏற்கனவே பாதை போடப்பட்டிருக்கின்றது. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைப் பிரெஞ்சிலே தடுமாறச் செய்யும். நம் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. உத்தியோகத்தரை ‘வூ’ என்றே விளிக்க வேண்டும், அதுவே ‘நீங்கள்’. போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச்சென்ற குசினியும் அலுமாரியும் பிரெஞ்சிலே உள்ள அடுக்களைச் சொல்லுக்கும் அலுமாரிச் சொல்லுக்கும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

இடர்ப்பாடு ஒலியில் இருக்கின்றது. மீனுக்குப் பிரெஞ்சிலே ‘புவசோன்’ என்று பெயர். குடிபானத்திற்கான சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். அதுவும் ‘புவசோன்’ என்றே வரும். ஒன்று உதட்டைத் தட்டி எழுவது. மற்றையது தொண்டை அதிர எழுவது. நாம் இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதிப் பழகியவர்களாதலின், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழெழுத்திற் குறித்துவைத்துப் படிக்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். காதாற் கேட்டு வாயாற் சொல்லுதலே வழி. வானொலி முன் அமர்ந்து பழகிய நேயர்களுக்கு இது புதிதன்று.

எண்களும் ஒருவிதமானவை. எழுபதை ‘அறுபதுபத்து’ என்றும் தொண்ணூறை ‘நான்கிருபதுபத்து’ என்றும் சொல்வர். 1998இற் பிறந்த ஓர் இளைஞர் தம் பிறந்த ஆண்டைச் சொல்வதற்கு ‘ஆயிரம், ஒன்பது நூறு, நான்கிருபது, பதினெட்டு’ என்று அடுக்க வேண்டும். பிறந்த திகதியோ எந்த நேர்முகத்திலும் முதலிலே கேட்கப்படுவது; அங்கே தடுமாறுபவர் மீதி நேரம் முழுவதும் தடுமாறுவார். தம் பிறந்த திகதி, திருமண நாள், வேலையிற் சேர்ந்த ஆண்டு, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை உறக்கத்திற் கேட்டாலும் சொல்லும்படி பயில்க. கியூபெக்கில் உணவு வேளைகளின் பெயரும் பாரிஸ் வழக்கத்தினின்று வேறு. பாரிஸ்காரர் மதிய உணவுக்கு வழங்கும் சொல் கியூபெக்கிற் காலை உணவைக் குறிக்கும். அங்கே இரவு உணவுக்குரிய சொல் இங்கே மதிய உணவாகும்.

மொழிப் பரீட்சையின் வாய்மொழிப் பகுதியும் ஒரு நேர்முகமே. ‘தெசெஃப்’ என்னும் பரீட்சையிலே அது 12 நிமிடம்: முதலில் தன்னைப் பற்றிய உரையாடல், அடுத்துப் பரீட்சகரிடம் தகவல் கேட்டறிதல், இறுதியில் ஒரு பொருள்பற்றித் தன் கருத்தை எடுத்துரைத்தல். ‘தெஃப்’ என்னும் மற்றையதிலே 15 நிமிடம்: ஒரு விளம்பரத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டும், பின்னர் ஒரு நண்பரை ஒரு காரியத்திற்கு இணங்கச் செய்ய வேண்டும். பெரியவர் முன் வாய்திறவாதிருத்தலே அடக்கம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இங்கேதான் புள்ளிகளை இழக்கின்றனர். வினாவுக்கு விடை சொல்வதை நம் பாடசாலைகள் கற்பிக்கின்றன. வினாவுவதைக் கற்பிப்பது குறைவு. பெறுபேறுகள் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதையும் மறவாதிருக்க.

அடுத்தது பெயர். இதிலே இடறி விழுந்தோர் பலர். பிரெஞ்சுப் படிவம் குடும்பப் பெயர் எது, இடுபெயர் எது என்று கேட்கும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும். எனவே தந்தைக்கு ஒரு ‘குடும்பப் பெயர்’, மகனுக்கு வேறொன்று. இது ஏன் என்று உத்தியோகத்தர் கேட்டால் திகைக்கலாகாது. ‘எங்கள் வழக்கிலே என் தந்தையின் பெயரே எனக்கு முதலாக நிற்கும்’ என்று ஒரே வசனத்திற் சொல்லப் பயில வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பிறப்புப் பத்திரத்திலே தந்தையின் பெயர், அடையாள அட்டையிலே கணவரின் பெயர். கியூபெக்கிலோ 1981 முதல் மணமான பெண் தன் பிறப்புப் பெயரையே சட்டப்படி வைத்திருப்பவள். ஆகவே விண்ணப்பத்தைப் பிறப்புப் பெயரிலே நிறுத்தி, திருமணப் பத்திரத்தாலே தொடர்பு காட்டுதல் நன்று. எழுத்துக்கூட்டலும் அவ்வாறே. ஞானசேகரம் என்ற ஒரே பெயர் பாடசாலைப் பத்திரத்தில் ஆங்கில ‘ஜி’யிலும் கடவுச்சீட்டில் ‘என்’னிலும் தொடங்கினால், அவை இருவருடைய பத்திரங்கள் என்றே அந்நியர் கொள்வர். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வைத்துக்கொள்க.

இடம்பெயர்வுகளிலே பத்திரங்களை இழந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திற் கோரலாம். வவுனியாவிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பதாற் கடவுச்சீட்டுக்குக் கொழும்பு செல்ல வேண்டியதில்லை. தொழில் அனுபவத்திற்குச் சான்று காட்டுவதே பெருந்துன்பம். பத்தாண்டு மேசனாகவோ மோட்டார் திருத்துபவராகவோ உழைத்தும் கையிலே ஒரு கடிதம் இல்லாதவர் பலர். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இருந்தால் அதன் கூற்று வலுவான சான்று. அனுபவத்தால் மட்டும் தொழில் கற்றவர், முன்கற்றலை மதிப்பிடும் முறையிலே தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறவும் இடமுண்டு.

நேர்முகத்திற்கு எல்லோரும் அழைக்கப்படுவதில்லை. முற்காலத்திற் பலர் தெரிவு உத்தியோகத்தர் முன் அமர்ந்தனர். இன்று பெரும்பாலும் பத்திரங்களைக் கொண்டே முடிவு செய்கின்றனர். ஐயம் எழுந்தால் அழைப்பர். ஆதலால் அழைப்பு வந்தால் அவர் ஐயம் யாதாயிருக்கும் என்று முதலிலே தன் விண்ணப்பத்தைத் தானே வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று ஆண்டு இடைவெளியா? தகைமைக்கும் தொழிலுக்கும் பொருத்தமின்மையா? அதற்கு உண்மையான விடையை ஆயத்தம் செய்க. ‘ஏன் கியூபெக்?’ என்பது தவறாத வினா. ‘அண்ணன் இருக்கிறார்’ என்பது குறையான விடை. அண்ணன் இருக்கும் நகரில் என் தொழிலுக்கு என்ன இடமுண்டு, எந்த அனுமதி வேண்டும், என் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே படிப்பர் என்பதை அறிந்திருக்கிறேன், முதல் மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறேன் என்பதே நிறைந்த விடை. தாதியரும் பொறியியலாளரும் அங்குள்ள தொழில்முறை அமைப்பின் பதிவின்றி அப்பெயரிலே தொழில் செய்ய முடியாது. இதை அறியாமற் சென்று அமர்ந்தால் ஆயத்தக் குறைவு உடனே வெளிப்படும். கியூபெக்கின் விழுமியங்களைப் பற்றிய இணையவழித் தேர்வும் 2020 முதல் உண்டு. இருபது வினாக்கள், நூற்றுக்கு எழுபத்தைந்து புள்ளி வேண்டும். ஆண் பெண் சமத்துவம், அரசின் மதச்சார்பின்மை, பிரெஞ்சின் இடம் ஆகியவை அதன் பொருள்.

முகவர் எழுதிக்கொடுத்த பொய்யான வேலைக் கடிதத்தைச் சமர்ப்பிப்பதன் விளைவு கொடியது. பொய்த் தகவல் வெளிப்பட்டால் கனடாவின் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு நுழைவே இல்லை. எழுதியவர் முகவராயினும் கையொப்பம் இட்டவரே தண்டனை அடைவார்.

நேர்முகம் திரைவழியாக நடைபெறுமாயின் மணிக்கணக்கையும் கவனிக்க. மொன்றியல் கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலமும் மாரியிற் பத்தரை மணித்தியாலமும் பிந்தியது. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவர். அங்கே காலை ஒன்பது என்றால் நெளுக்குளத்திலே ஜூலை மாதத்தில் மாலை ஆறரை, ஜனவரியில் ஏழரை. மின்சாரம் தடைப்படக்கூடிய வேளையாதலால், மின்னேற்றிய கைபேசி ஒன்றை மாற்று இணைப்புடன் அருகில் வைத்து, பத்திரங்களைத் திகதி வரிசையில் மேசைமேல் அடுக்கி, அரை மணி முன்னதாக அமர்ந்துகொள்க.