வீட்டுக் குளமும் இலக்கியப் புள்ளும்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பெரிதும் இடர் தருவன பறவைப் பெயர்கள். 'கம்புள்' என்னும் சொல்லுக்கு அகராதி 'சம்பங்கோழி' என்று பொருள் கூறும். 'சம்பங்கோழி யாது?' என்று மாணவன் வினவினால், 'அது ஒரு நீர்ப்பறவை' என்னும் விடையோடு பாடம் முடிந்துவிடும். சொல்லுக்குச் சொல் கிடைக்கிறது, பொருள் கிடைப்பதில்லை. ஆயினும், ஜொகூரில் பயிலும் மாணவனுக்கு அப்பொருள் எட்டாத் தொலைவில் இல்லை. குளுவாங், சிகாமட், கூலாய் போன்ற ஊர்களில் வீட்டின் பின்புறம் ஒரு மீன்குளமும் அதன் கரையில் சிறிது புதரும் இருக்குமாயின், அப்பறவை தானே அங்கு வந்து நிற்கும்.

ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்று, கம்புளை வெண்ணிற நெற்றியும் கரகரத்த குரலும் உடையதாகக் காட்டுகிறது. இவ்விரண்டும் கானாங்கோழிக்குப் பெரிதும் பொருந்துகின்றன. அதன் முதுகு கருஞ்சாம்பல் நிறம், முகமும் மார்பும் வெண்மை, வாலடி செம்பழுப்பு. நடக்குந்தோறும் குட்டை வாலை மேல்நோக்கி வெட்டிக்கொள்ளும். குஞ்சுகளோ முற்றும் கருநிறம். மழைக்காலத்தில் இது இரவிலும் ஓயாது கூவும். மலாய் மக்கள் அக்குரலையே பெயராக்கி 'ருவாக்-ருவாக்' என்பர். மாணவன் மலாய்ப் பெயரை அறிவான். 'கம்புள்' என்பதையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பான். இரண்டும் ஒன்றே என்பதைத்தான் எவரும் அவனுக்குக் காட்டவில்லை.

சிரல் என்பது மீன்கொத்தி. அதன் நீலமணி நிறத்தையும், அது கயல்மீனைப் பற்றி எழுவதையும் சிறுபாணாற்றுப்படை குறிக்கிறது. ஜொகூர்க் குளங்களில் இருவகை மீன்கொத்திகளை எளிதிற் காணலாம். செந்நிற அலகும் பழுப்புத் தலையும் வெள்ளை மார்பும் உடைய பெரியது ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்வது. மீன்கொத்தி எனப் பெயர் பெற்றும், இது வெட்டுக்கிளி, பல்லி, தவளை ஆகியவற்றையும் மிகுதியாக உண்ணும். சிட்டுக்குருவியினும் சற்றே பெரிதான சிறு மீன்கொத்தியோ பெரும்பாலும் வடக்கே குளிர் மிகும் மாதங்களில் இங்கு வரும் விருந்தாளி. நீருள் அம்புபோல் பாய்ந்து மீனோடு எழுவது இதுவே.

மூன்றாவதாகக் கருதத்தக்கது மடையான். குருட்டுக்கொக்கு என்றும் இதனை வழங்குவர். பழுப்புக் கோடுகளோடு கரையில் அசையாது நிற்கும். பறந்தவுடன் வெண்சிறகு பளிச்சிடும். தமிழகத்து மடையானும் ஜொகூருக்கு வலசை வரும் சீன மடையானும் குளிர்காலக் கோலத்தில் பிரித்தறிய இயலாதவாறு ஒத்திருக்கும். ஆனால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புமுன் சீன மடையானின் தலையும் கழுத்தும் செம்பழுப்பாகும், முதுகு கருமையாகும். தமிழகத்து மடையானுக்கோ கழுத்து வெளிர்மஞ்சளாகவும் முதுகு அரக்குச் சிவப்பாகவும் மாறும். பெயர் ஒன்றாயினும் இனம் வேறு என்பதைக் குளமே கற்பிக்கிறது.

வலசை தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சத்திமுத்தப் புலவரின் நாரை தெற்கே குமரிக்குச் சென்று வடக்கே மீள்வது. இந்திய நிலப்பரப்பின் தென்கோடி குமரி என்றால், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி ஜொகூரின் தஞ்சோங் பியாய். வடக்கிலிருந்து நிலவழியே வரும் பறவைகளுக்கு அது கடைசிக் கரை. அதன் கண்டற்காடும், அண்மையிலுள்ள குக்குப் தீவும், சுங்கை பூலாய்க் கழிமுகமும் 2003-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பெற்றன.

பெருங்காடுகளை அரசு காக்கும். வீட்டுக் குளத்தை வீட்டாரே காத்தல் வேண்டும். குளத்தின் நாற்புறமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, கரைப்புல்லைக் களைக்கொல்லியால் அழித்துவிட்டால், மறைவிடம் நாடும் கானாங்கோழியே முதலில் அகலும். ஒரு பக்கமேனும் கரை சரிவாகவும் நீர் ஆழமின்றியும் இருத்தல் நன்று. நீரோரம் ஒரு கழி நட்டால் மீன்கொத்தி அதில் அமரும். கொசு பெருகுமென்று அஞ்சுவோர் கப்பி மீன்களை விடலாம். அவை கொசுப்புழுக்களை உண்டுவிடும்.

காலை வேளையில் சற்றுத் தொலைவில் அமைதியாக அமர்ந்து பார்த்தாலே போதும். நாள், நேரம், வானிலை, பறவையின் நிறம், அதன் செயல் ஆகியவற்றை மாணவன் ஏட்டிற் குறிக்கட்டும். அருகே மலாய்ப் பெயர், வழக்குத் தமிழ்ப் பெயர், இலக்கியப் பெயர் மூன்றையும் எழுதட்டும். ஓராண்டு இவ்வாறு எழுதியவனுக்கு மருதத் திணையின் கருப்பொருள் வெறும் பட்டியலாக இராது. 'கம்புள் யாது?' என்று அடுத்த மாணவன் வினவும்போது, அவன் அகராதியைப் புரட்டாமல் கொல்லைக் கதவைத் திறந்து காட்டுவான்.