ஒரே தண்ணீர், ஒரே முடிவு



மாம்புரி, புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இந்தக் களப்போடு சேருகிற டச்சுக் கால்வாய் தெற்கே சிலாபம் பக்கம் போகிறது. இந்த மாவட்டத்து இறால் பண்ணைகள் பலவற்றுக்கு இதுதான் தண்ணீர். அங்கே நடந்தது நமக்கும் பாடம்.

1996இல் இறாலுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் மருந்தும் இல்லை. சில நாட்களில் குளமே செத்துப்போகும். கடன்பட்டுக் குஞ்சு விட்டவர்கள் நொந்து போனார்கள்.

ஆராய்ச்சி காட்டியது இதுதான்: நோய் குஞ்சோடும் வரும், தண்ணீரோடும் வரும். ஒருவர் நோய்க் குளத்தைக் கால்வாயில் திறந்துவிட்டால், அடுத்தவர் அதையே பம்ப் போட்டு இறைக்கிறார். தன் குளத்தை மட்டும் சுத்தமாக வைத்துப் பிரயோசனமில்லை.

ஆகவே 2004 முதல் பயிர் நாட்காட்டி வந்தது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் வளர்ப்போர் சங்கங்களும் கூடிப் பேசி, பகுதிகளை வலயங்களாகப் பிரித்து, யார் எப்போது குஞ்சு விடுவது என்று முறை வைத்தார்கள். விடுமுன் குஞ்சைப் பரிசோதிக்க வேண்டும். நோய் கண்டால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், தண்ணீரைத் திறக்கக் கூடாது.

முறை வராதவருக்கு அந்தப் போகத்து வருமானம் இல்லை. அது லேசான காரியமா? நோய் இன்னும் அடியோடு ஒழியவில்லை. ஆனாலும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால், மீறினால் கேட்பதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரரே இருக்கிறார்.

நம் பீலித் தண்ணியும் இப்படித்தான். மேல் லயத்து அழுக்கு கீழ் லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். நாம் செய்யக்கூடியது:

1. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேட்போம்.

2. முடிவை எல்லா லயத்துக்கும் விளங்கும்படி சொல்வோம். கொழுந்து எடுக்கும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைப்போம்.

3. ஊற்றுக்கு மேலே குளிப்பு, கக்கூசு, மாட்டுப்பட்டி வேண்டாம் என்று சேர்ந்து முடிவெடுப்போம். அதனால் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு வேறு இடமும் பார்த்துக் கொடுப்போம்.

4. மாதம் ஒரு லயம் என்று காவலும் துப்புரவும் முறை வைப்போம்.

அதுவரை தண்ணியைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். பரிசோதனைக் கடுதாசி அலுவலக அலுமாரியில் கிடந்தால் யாருக்கும் பயனில்லை. அதைக் கேட்டு வாங்கி, சேர்ந்து வேலையில் இறங்குவது நம் கையில்தான் இருக்கிறது.