விண்மீன் மீது பழி சுமத்தலாமா?



குழம்பு கருகினாலும் ‘டிசாஸ்டர்’; வினாத்தாள் கடினமாயிருந்தாலும் ‘டிசாஸ்டர்’. நம் இல்லத்துப் பிள்ளைகள் இந்த ஆங்கிலச் சொல்லை நாள்தோறும் உதிர்க்கக் கேட்கிறோம். இதன் பிறப்பு வியப்புக்குரியது. ‘டிஸ்’ என்பது கேட்டைக் குறிக்கும். ‘ஆஸ்டர்’ என்பது விண்மீன். இத்தாலியத்தில் தோன்றிப் பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்த இச்சொல்லின் மூலப்பொருள், ‘தீய விண்மீனால் நேர்ந்த கேடு’ என்பதே.

நம் முன்னோரோ, கடல் பொங்கி நிலத்தைக் கொண்டதைக் ‘கடல்கோள்’ என்றனர். கோள் என்பதற்குக் கிரகம் என்ற பொருளும் உண்டெனினும், இங்கே அது ‘கொள்ளுதல்’ எனும் பொருளையே தரும். இச்சொல் நிகழ்ந்ததைக் கூறுகிறதேயன்றி, வானத்தின் மீது பழி போடவில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கி இரண்டு மணி நேரத்திற்கும் மேலான பின்னரே அலை நம் கரையை எட்டியது. அந்த இடைவேளையில் எச்சரிக்க ஒருவருமில்லை. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், கடலோர மணல்திட்டுக் குப்பங்கள் சிதைந்தன. சதுப்புக் காட்டின் பின்னேயிருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. சுரபுன்னையும் கண்டலும் அலையின் விசையைத் தணித்தன என்பர் பலர். கடலிலிருந்து தொலைவும் நிலத்தின் உயரமுமே காத்தன என்பாரும் உளர்.

அக்காட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை முற்றும் வெட்டியதால் மண் காய்ந்து தாழ்ந்தது, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களுடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்தன. காடு மீண்டும் தழைத்தது. கெடுத்ததும் மனிதன் கை. திருத்தியதும் மனிதன் கையே அன்றோ?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதனை உணர்ந்தே ‘டிசாஸ்டர்’ என்ற சொல்லுக்கு வரையறை தந்தது. இயற்கையால் நேர்வது மட்டுமன்று. மனிதச் செயலாலும், விபத்தாலும், கவனக்குறைவாலும் நேரும் பெருங்கேடும் அதில் அடங்கும். 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் செயற்படத் தொடங்கியது.

ஆகவே குழம்பு கருகினால், ‘கவனிக்கத் தவறினேன்’ என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். பெருங்கேடு நேரும்போதோ வானத்தை நோவதை விடுத்து, ‘நாம் செய்யாது விட்டது யாது?’ என வினவுவோம். அவ்வினாவே அடுத்த அலைக்கு முன் நம்மை ஆயத்தப்படுத்தும்.