ஒரு டி-ஷர்ட்டின் மேல் 120 ரூபாய்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். திருப்பூரில் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்கு ஓவர்டைம் நின்றுபோவதற்கும் டெல்லியும் வாஷிங்டனும் பேசிக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்டீர்கள்? நேரடிச் சம்பந்தமே இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

கப்பலேறும்போது அதன் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருத்திப் பின்னல் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான சுங்கவரி 16.5 சதவீதம், அதாவது 66 ரூபாய். வங்கதேசமும் வியட்நாமும் இதே வரியைத்தான் கட்டின. அதனால் திருப்பூருக்கு இது ஒரு சுமையாகவே தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்கின் மேல் கூடுதலாக 25 சதவீதம் விழுந்தது. ஆகஸ்ட் 27 அன்று இன்னொரு 25. கூடுதல் வரியே 200 ரூபாய் ஆயிற்று. அதே சட்டை டாக்காவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான், 80 ரூபாய். இடைவெளி 120 ரூபாய்.

நமக்கு வரி எவ்வளவு என்பதைவிட, போட்டியாளருக்கு எவ்வளவு என்பதுதான் ஆர்டரைத் தீர்மானிக்கிறது. வரியைச் சுங்கத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் முதலில் நம்மிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் போக, ஏற்றுமதியாளர் கையில் நூற்றுக்குச் சில ரூபாய்தான் மிஞ்சும். 120 ரூபாயை அவர் எங்கிருந்து விட்டுக்கொடுப்பார்? அடுத்த சீசன் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வாங்குவது அமெரிக்கா.

அடி முதலில் விழுவது பெரிய கம்பெனிகள் மேல் அல்ல. அவை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஜாப் ஒர்க் எடுக்கும் நிட்டிங் யூனிட், பிரிண்டிங் பட்டறை, எம்பிராய்டரி, காஜா-பட்டன் போடும் சின்ன ஷெட், இவற்றுக்குத்தான் வேலை முதலில் நிற்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு பீஸ் இல்லையென்றால் கூலியும் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் ரயிலேறிவிடுவார். அவரை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை என்பதால் வேலையிழந்தோர் கணக்கிலும் அவர் வரமாட்டார். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

அந்த இரண்டாவது 25 சதவீதம் எதற்காக? இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. பனியனுக்கும் கச்சா எண்ணெய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் விலை கொடுத்தது பனியன் தைத்தவர்.

இலங்கைக்கும் இதற்கு முன்பே இப்படி ஓர் அனுபவம் உண்டு. சுனாமிக்குப் பின், 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு ‘ஜிஎஸ்பி பிளஸ்’ என்ற வரிச்சலுகையைக் கொடுத்தது. ஆடைகள் வரியின்றி ஐரோப்பாவுக்குள் போயின. மனித உரிமை, சித்திரவதைத் தடுப்பு, குழந்தை உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைப்பிடிக்கவில்லை என்று 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2017 மே மாதத்தில். நிபந்தனை நியாயமானது, அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் கேள்வியும் நியாயமானது என்றே நான் சொல்வேன். ஆனால் கையெழுத்திட்ட அரசு செய்யாமல் விட்டதற்குச் சிறிய ஆடைத் தொழிற்சாலைகளும் அவற்றின் பெண்களும் ஏழு ஆண்டுகள் விலை கொடுத்தார்கள்.

சரி, நாடுகளுக்கிடையே உறவு நன்றாக இருந்தால் என்ன கிடைக்கும்? 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைப் பாருங்கள். ஆடைகளுக்கு 12 சதவீதம் வரை இருந்த பிரிட்டிஷ் வரியை நீக்குவதற்கு வகை செய்த ஒப்பந்தம் அது. வங்கதேசச் சட்டைக்கு அங்கே வரி இல்லாத நிலையில் நம் சட்டை வரி கட்டிப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. பதிலுக்கு நாமும் கொடுத்தோம்: ஸ்காட்ச் விஸ்கிக்கான 150 சதவீத வரியை முதலில் 75 ஆக்கி, பத்தாண்டுகளில் 40 ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டோம். இந்தப் பேரம் எனக்குச் சரியாகவே படுகிறது.

எல்லாப் பேரமும் அப்படி இல்லை. அமெரிக்க வரி வந்த அதே ஆகஸ்டில், மில்களுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்கட்டும் என்று மத்திய அரசு 11 சதவீதப் பஞ்சு இறக்குமதி வரியை ஆண்டு இறுதிவரை தள்ளுபடி செய்தது. திருப்பூருக்கு அது உதவிதான். ஆனால் அறுவடைக்குக் காத்திருந்த விதர்ப்பா விவசாயிக்கு அது விலை வீழ்ச்சிப் பயம். தையல்காரரின் வேலையைக் காக்கப் பருத்தி விவசாயியை இறக்கிவிடுவதை நான் வர்த்தகக் கொள்கை என்று ஏற்கமாட்டேன். தள்ளுபடி கொடுத்தால் அரசின் பருத்திக் கொள்முதல் மையங்களையும் அன்றே திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரி நீங்கினால் அந்தப் பணம் தானாகத் தொழிலாளியிடம் வந்துவிடாது. 12 சதவீதம் குறைந்ததும் வாங்குபவர் முதலில் கேட்பது விலைக் குறைப்பு. மிச்சத்தை ஏற்றுமதியாளர் எடுத்துக்கொள்வார். திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இருக்கிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி குறைந்தது, அதனால் எத்தனை பீஸ் கூடுதலாகப் போயிற்று என்ற கணக்கைத் தொழிற்சங்கங்கள் அந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். பீஸ் ரேட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டிய இடம் அது.